நாற்பத்தோரு ஆய்வேடுகள் வெளுத்த கதை

தென்கோடிப் பல்கலைக்கழகத்து நூலகத்தில் நாற்பத்தோரு முனைவர் பட்ட ஆய்வேடுகளிலிருந்து எழுத்துகள் இறங்கி, வரிசை கட்டி, தரையில் நடந்துபோன அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நான்கு மாதம் முன்னால், ஆனைத்தேரி செல்லக்கனி ஓர் அசைன்மென்ட் எழுதத் தொடங்கினாள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருஷமாக ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். கௌரவம் என்ற அந்தச் சொல்லுக்கு அடியில் நாற்காலியோ, மேசையோ, அடுத்த ஜூன் மாதமோ எதுவும் கிடையாது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அத்தனை வருஷம் தேவைப்படவில்லை. முதல் வாரமே போதுமானதாக இருந்தது. டாக்டர் பட்டம் இருந்தால் வேலை நிலைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தாள்.

புவியியல் துறையின் தலைவர் பேராசிரியர் அருமைநாயகம் அவளுக்கு நெறியாளர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த மனிதர், எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் கண்ணாடியைத் துடைப்பார், துடைத்து முடிப்பதற்குள் கேட்டவர் போய்விட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அவர் கொடுத்த அசைன்மென்ட் இதுதான்: சொந்த ஊரை ஒட்டி ஒரு தலைப்பு எடுத்து, அதைப் பற்றி நூறு எழுத்துச் சான்றுகளைத் தேடிப் படித்துக் குறிப்பெழுதித் தர வேண்டும். எண்பது, நூல்களிலும் ஆய்விதழ்களிலும் வந்தவை. மிச்சம் இருபது, அச்சுக்கே போகாமல் அரசு அலுவலக அலமாரிகளிலும் தொண்டு நிறுவனங்களின் பரண்களிலும் கிடக்கிற அறிக்கைகள். இந்த இரண்டாம் வகைக்குச் சாம்பல் இலக்கியம் என்று பெயர்.

"பேரைக் கேட்டுப் பயந்துராதீங்கம்மா. யாரும் அதையெல்லாம் படிக்கிறது இல்ல. பட்டியல்ல இருந்தாப் போதும்," என்றார் அருமைநாயகம், கண்ணாடியைத் துடைத்தபடி.

செல்லக்கனி எடுத்த தலைப்பு, தேரிக்காட்டுக் கிணறுகள் ஏன் உவர்த்தன என்பது. தேரி என்றால் கடலுக்குப் பக்கத்தில் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும் நிலம். ஆனைத்தேரி அதன் நடுவில் இருந்தது. அவள் வாக்கப்பட்டு வந்த வருஷம் அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வெந்தது. மகள் நடக்கத் தொடங்கிய வருஷம் வேகவில்லை. மகள் பள்ளிக்கூடம் போன வருஷம் அதைக் குடித்த ஆடு செத்தது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணீர். காலையில் பதினொரு குடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் அவள் ஏழு பத்து பஸ்ஸைப் பிடிப்பாள். ஆகவே இந்தத் தலைப்பைப் பட்டியலில் இருந்தால் போதும் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

தேடத் தொடங்கினாள். பல்கலைக்கழகம் வருஷா வருஷம் சந்தா கட்டி வாங்கியிருந்த உலக ஆய்விதழ்கள் எல்லாம் பதிவாளர் அறைக் கணினி ஒன்றில் மட்டும் திறக்கும், பதிவாளர் அதில் சீட்டு விளையாடாத நேரத்தில் போனால் பார்க்கலாம். பார்த்தாள். கிணறு, உப்பு, தேரி என்று தட்டினால் ஆஸ்திரேலியா வந்தது, இஸ்ரேல் வந்தது, ஆனைத்தேரி என்று தட்டினால் யானைச் சவாரி உள்ள ஒரு விடுதியின் விளம்பரம் வந்தது. எண்பதை எப்படியோ ஒப்பேற்றினாள். பிறகு நூலகத்துக்கு வந்து, தேரித் தண்ணீரைப் பற்றி அந்தத் துறையில் எழுதப்பட்ட ஆய்வேடுகளைக் கேட்டாள். தாய்மொழியில் ஆய்வு என்பது பல்கலைக்கழகத்தின் பெருமை, ஆகவே நாற்பத்தொன்றும் தமிழில் இருந்தன, நாற்பத்தொன்றும் நீல அட்டை, பொன் எழுத்து. நாற்பத்தொன்றிலும் பின்பக்கத்துப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் தவறாமல் இருந்தது: மு. சிவனணைந்த பெருமாள், கள ஆய்வாளர், நிலத்தடி நீர் அலுவலகம், 1983, வெளியிடப்படாத அறிக்கை.

அந்த அறிக்கையை யார் பார்த்தது என்று கேட்டுப் போனாள். போன வருஷம் பட்டம் வாங்கியவர், "நான் நேரடியாப் பாக்கலை மேடம், வின்சென்ட் சார் பாத்திருப்பாரு," என்றார். வின்சென்ட் சார், தனக்கு முந்தியவரைச் சொன்னார். முந்தியவர் அவருக்கு முந்தியவரைச் சொன்னார். ஒருவர் துபாயிலிருந்து சொன்னார், ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொன்னார், ஒருவர் இறந்து போயிருந்தார், அவருடைய மனைவி, "அவுக எதையும் பாத்து எழுதுற ஆளு இல்லியே," என்று புருஷனை உயர்த்திச் சொல்வதாக நினைத்துச் சொன்னாள். இப்படி முப்பது வருஷத்தைப் படிப்படியாக இறங்கிப் போனால் கடைசிப் படியில் அருமைநாயகம் உட்கார்ந்திருந்தார். துறையின் முதல் ஆய்வேடு, 1991, அவருடையது.

"அந்த ரிப்போர்ட்டா?" என்று கண்ணாடியைத் துடைத்தார். "அது அந்த வருஷத்து வெள்ளத்துலயே போயிட்டும்மா."

செல்லக்கனி அவரை நம்பவில்லை. நிலத்தடி நீர் அலுவலகத்துக்குப் பதினோரு தடவை போனாள். பத்துத் தடவையும் சம்பந்தப்பட்டவர் சாப்பிடப் போயிருந்தார். பதினோராவது தடவை சாப்பாட்டு நேரத்திலேயே போனாள், அவர் இருந்தார். சாவி தொலைந்த அலமாரி, சாவி இருந்தும் திறக்காத அலமாரி, அறையைத் தடுக்கச் சுவராக நிறுத்திய அலமாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தாகத்துக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது, இருபது லிட்டர் கேன் நிற்கிற பலகைக்கு அடியில், ஒரு கால் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த தாள்கட்டின் மேல் அந்தப் பெயரைக் கண்டாள். மாவட்டத்தின் தண்ணீரைப் பற்றி எழுதப்பட்டதிலேயே நல்ல எழுத்து, எத்தனையோ வருஷமாக விலைக்கு வாங்கிய தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா அதே கனத்துல வேற எதையாச்சும் வச்சிட்டுப் போகணும்," என்றார் அலுவலர்.

அவள் பையில் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை இருந்தது. வைத்தாள். பலகை ஆடவில்லை. அந்த ஆண்டறிக்கையால் யாருக்காவது பயன் விளைந்தது என்றால் அதுதான்.

பஸ்ஸிலேயே படிக்கத் தொடங்கினாள். சிவனணைந்த பெருமாள் என்கிற மனிதர் சைக்கிளில் நானூற்றுப் பன்னிரண்டு கிணறுகளுக்குப் போயிருந்தார். ஒவ்வொன்றிலும் நாடாவை இறக்கி ஆழம் அளந்து, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து எழுதியிருந்தார். 'இந்தக் கிணற்றுக்காரர் எரிந்து விழுந்தார், நீர் நன்று.' 'இந்தக் கிணற்றுக்காரர் இளநீர் வெட்டித் தந்தார், நீர் லேசான உவர்ப்பு, அதை அவரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தது.' கடைசிப் பக்கத்தில் ஒரே வாக்கியத்தைத் தனியாகத் தட்டச்சு செய்திருந்தார்: 'தேரிக்கு மேற்கே மேலும் ஆழ்துளைக் கிணறுகள் போடக் கூடாது.' செல்லக்கனி அதை மூன்று முறை படித்தாள். தேரிக்கு மேற்கே ஒரு கம்பெனி தொண்ணூற்று நாலில் அறுபது ஆழ்துளைக் கிணறு போட்டு, தேரிக்கு வரும் நல்ல தண்ணீரை உறிஞ்சி, அந்த இடத்துக்குக் கடலை வரவிட்டிருந்தது. இப்போது இன்னும் பன்னிரண்டுக்கு மனு போட்டிருந்தது. அடுத்த மாதம் ஆனைத்தேரிப் பள்ளிக்கூடத்தில் அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம், நிபுணர் கருத்து சொல்லப் போகிறவர் அருமைநாயகம்.

அடுத்த நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணிக்கு அவள் நூலகத்து மேசையில் அறிக்கையை விரித்து வைத்து, பக்கத்தில் குறிப்பேட்டை வைத்து, பேனாவைத் திறந்தாள். ஆய்வேடுகள் இருந்த அடுக்கிலிருந்து ஒரு மெல்லிய சரசரப்பு கேட்டது. நீல அட்டைகளின் விளிம்பு வழியாகக் கறுப்பாக ஏதோ இறங்கியது, அடுக்கின் காலைப் பிடித்துக்கொண்டு தரைக்கு வந்தது, நூலகர் ஞானமுத்துவின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனது, செல்லக்கனியின் மேசைக் காலில் ஏறியது. பெருக்கிக்கொண்டிருந்த மாடத்தி துடைப்பத்தை ஓங்கினவள் குனிந்து பார்த்தாள்.

"எறும்புன்னுல்லா நெனச்சேன். எழுத்து," என்றாள். "சார், எழுத்துக்குப் பொடி இருக்கா?"

"அதுக்கு இன்னும் ஆர்டர் போடல," என்றார் ஞானமுத்து, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

எழுத்துகள் வாக்கியம் வாக்கியமாக வந்தன. புள்ளிகள் கடைசியில் வந்தன. ஒவ்வொரு வாக்கியமும் அறிக்கையில் தன்னுடைய இடத்தைத் தேடிப் போய், அங்கே ஏற்கெனவே இருந்த வாக்கியத்தின் மேல் படுத்துக்கொண்டது. நாற்பத்தோரு ஆய்வேடுகளிலிருந்தும் வந்து வந்து படுத்ததில், பழைய தட்டச்சு கறுத்துத் தடித்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே படிக்கலாம் போல ஆயிற்று. ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. செல்லக்கனி எழுந்துபோய் ஆய்வேடுகளைத் திறந்து பார்த்தாள். வெள்ளை. பக்க எண்கள் மட்டும் நின்றன, பக்க எண்களை யாரும் யாரிடமிருந்தும் எடுப்பதில்லை. சில ஏடுகளில் எழுதியவர் பெயரும் நின்றது. ஒருவருடையதில் ஒரு பிழை மட்டும் நின்றது, 'உவர்ப்பு' என்று பார்த்து எழுதும்போது 'உயர்வு' என்று எழுதியிருந்தார், அது அவருடைய சொந்தச் சரக்கு.

அருமைநாயகத்தின் ஆய்வேட்டைக் கடைசியாகத் திறந்தாள். அதில் இரண்டு இடங்களில் எழுத்து இருந்தது. முன்னால், நன்றியுரைப் பக்கத்தில், நடுவில் தனியாக 'வசந்தகுமாரி' என்று இருந்தது, அவருடைய மனைவியின் பெயர். அதைச் சுற்றியிருந்த நன்றி முழுவதும் தமிழ்த் துறை அடுக்கில் இருந்த வேறொருவருடைய ஆய்வேட்டுக்கு, வேறொருவருடைய மனைவியிடம், போய்விட்டிருந்தது. பின்னால், நூற்றெண்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரியில், வண்டுபோலத் தடித்துக் கறுத்து, 'லாம்' என்று இரண்டே எழுத்து நின்றது.

செல்லக்கனி ஓடிவந்து அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். 'மேலும் ஆழ்துளைக் கிணறுகள் போட' என்பது வரை கறுப்பாக இருந்தது. 'கூடாது' மட்டும் வெளிறி, நாற்பது வருஷத்துப் பழைய மையில், ஒற்றையாக இருந்தது. அதை யாரும் எடுக்கவேயில்லை. 'போடக் கூடாது' என்றிருந்ததை 'போடலாம்' என்று ஒரே ஒருவர் மாற்றியிருக்கிறார், பின்னால் வந்த நாற்பது பேரும் அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், இப்போது அந்த நாற்பது 'லாம்'களும் தங்களைப் பெற்றவரிடம் திரும்பிப் போய் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அறுபது கிணறுகளுக்கும் அரசாங்கம் அனுமதி கொடுத்தது அந்தச் சொல்லை நம்பித்தான். தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது அருவருப்பு. ஒரு ஊரின் தண்ணீரைக் கெடுக்க அந்த மனிதர் ஒரு வாக்கியம்கூட உழைக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் எழுத்துகள் நடந்தன. புதன்கிழமை வணிகவியல் போயிற்று, வியாழக்கிழமை கல்வியியல் போயிற்று, பொருளாதாரம் மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. சொந்த இடம் இதே நூலகத்தில் இல்லாதவை வாசலைத் தாண்டிச் சாலையைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய் மதுரை பஸ்ஸிலும் திருவனந்தபுரம் பஸ்ஸிலும் ஏறின. முதல் நாள் கண்டக்டர்கள் திட்டினார்கள், இரண்டாம் நாள் பின்படிக்கட்டை அவற்றுக்கு விட்டுவிட்டார்கள். டீக்கடைக்காரர் பாய்லரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் பேச்சை நிறுத்தாமல் காலை மட்டும் தூக்கி வழிவிட்டார்கள். சனிக்கிழமை அதைப் பார்க்க யாரும் நிற்கவில்லை.

பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. எழுத்து நிலைப்படுத்தல் குழு என்று பெயர் வைத்து, மூன்று அமர்வுகள் கூடி, மூன்றிலும் போண்டா தின்று, வெளுத்த ஏடுகளுக்கு யாரிடமாவது பிரதி இருந்தால் ஜெராக்ஸ் எடுத்து வைக்கலாம் என்று தீர்மானித்தது. ஜெராக்ஸ் சூடு ஆறுவதற்குள் எழுத்துகள் இறங்கிப் போயின. லேமினேஷன் செய்தார்கள், பிளாஸ்டிக்குக்குள் எழுத்துகள் ஓரத்தில் போய்க் குவிந்து முட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு பேராசிரியர் ஏட்டைச் சணல் கயிற்றால் கட்டினார். கடைசியில் கணினிப் பிரிவுக்காரர் ஒருவர் விளையாட்டாக ஒரு வெள்ளை ஏட்டைத் திருட்டு கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தார். திருட்டு பூஜ்யம் சதவீதம் என்று வந்தது. பல்கலைக்கழக வரலாற்றில் அந்த எண்ணை யாரும் பார்த்ததில்லை. துணைவேந்தர் அந்தத் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார், பிறகு குழுவைக் கலைத்தார். அந்த மாதமே அந்த வருஷத்து மாணவர்களின் வெள்ளை ஏடுகள் மதிப்பாய்வுக்குப் போயின. புறத்தேர்வாளர்கள் விருந்தினர் மாளிகையில் தங்கி, மீன் குழம்பு சாப்பிட்டு, ஏட்டில் எழுத்துப்பிழையே இல்லை என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார்கள். வெள்ளைத் தாளைத் தந்த மாணவர்கள் மேடையில் டாக்டர் ஆனார்கள், பெற்றோர் அழுதார்கள், போட்டோ எடுத்தார்கள்.

அருமைநாயகம் செல்லக்கனியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"அந்த ரிப்போர்ட்டைத் துறைக்கு ஒப்படைச்சிருங்கம்மா. ஒன்றரை வருஷத்துல உங்களுக்கு வைவா. நான் ரிட்டயர் ஆனாலும் சொல்லி வச்சிட்டுப் போறேன்."

"என்ன எழுதணும் சார் நான்?"

"எழுதவே வேண்டாமேம்மா. இப்பத்தான் அந்தக் கஷ்டமும் இல்லாமப் போச்சே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"ஊருக்குப் போய் வாரேன் சார்," என்று எழுந்தாள். "காலையில தண்ணி லாரி வரும்."

அடுத்த வாரம் அவளுடைய பதிவு ரத்தாயிற்று. அரசு ஆவணத்தை அனுமதியின்றி நூலகத்துக்குள் கொண்டுவந்து எழுத்துகளுக்கு மனச்சலனம் ஏற்படுத்தினார் என்று உத்தரவில் இருந்தது. கையெழுத்தைத் தவிர அந்த உத்தரவும் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிட்டது. ஆனால் ரத்து ரத்துதான் என்றார் பதிவாளர். அதைவிட மோசமான சேதியை மாடத்தி கொண்டுவந்தாள். அருமைநாயகத்தின் ஆய்வேடு அடுக்கில் இல்லை.

"அவுகதான் பையில வச்சிக் கொண்டுட்டுப் போனாவ. நான் பாத்தேன்," என்றாள் மாடத்தி. அவள் காலையில் நூலகமும் சாயங்காலம் அருமைநாயகத்தின் வீடும் பெருக்குகிறவள். "வீட்டு பீரோல பூட்டி வச்சிருக்காவ. நான் அம்மாட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? தாளு பூரா வெள்ளயா இருக்கு, உங்க பேரு மட்டும் நிக்கின்னு சொன்னேன். சந்தோசப்படுவாவன்னு நெனச்சேன்."

வசந்தகுமாரி சந்தோஷப்படவில்லை. அந்த நன்றியுரை அவளுக்கு முப்பது வருஷமாக மனப்பாடம். கல்யாணமான புதிதில் அருமைநாயகம் அதைப் படித்துக் காட்டியிருந்தார்: ஓயாத உழைப்பின் நடுவே தேநீரும் தெம்பும் தந்த என் இல்லாள். அப்போதே அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகம். அவர் காப்பி குடிக்கிறவர், தேநீர் வாசனையே அவருக்கு ஆகாது. படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, அவர் சட்டையைத் தேய்த்து, அவர் மாணவர்களுக்குப் பரிமாறி, அவர் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்டு வாழ்ந்திருந்தாள். மாடத்தி சொன்ன அன்று பீரோவைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு வெள்ளைத் தாளாகத் திருப்பினாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை காலை, ஆனைத்தேரிப் பள்ளிக்கூடத்தின் நீள வகுப்பறையில் நடந்தது. கோட்டாட்சியர் ஒரு நடுவயது அம்மாள், தண்ணீர் பாட்டிலை மேசைக்குக் கீழே மறைத்து வைக்கிற அளவுக்கு இங்கிதம் உள்ளவர். கம்பெனிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஊர்ப் பெண்கள் குழந்தைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அருமைநாயகம் முக்கால் மணி நேரம் பேசினார். பன்னிரண்டு கிணறுகளால் ஒரு பாதிப்பும் வராது, இது துறையில் நாற்பத்தோரு ஆய்வுகள் கண்ட முடிவு என்றார்.

செல்லக்கனி எழுந்துபோய் அறிக்கையை மேசையில் வைத்தாள். "அத்தனைக்கும் மூலம் இது ஒண்ணுதான் மேடம். கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

கோட்டாட்சியர் பார்த்தார். தடித்த எழுத்தில் விரலை ஓட்டினார், வெளிறிய சொல்லில் விரல் நின்றது. "கூடாதுன்னு இருக்கே சார்?"

"அது பழசு மேடம். பின்னாடி என்னுடைய ஆராய்ச்சியில அதை மறுத்திருக்கேன்."

"உங்க ஆய்வேட்டைக் காட்டுங்க."

"காணாமப் போயிட்டு மேடம்."

பின்கதவுப் பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண்மணி, கையில் கட்டைப்பையோடு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பையிலிருந்து நீல அட்டை போட்ட ஏட்டை எடுத்தவள், மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு செல்லக்கனியிடம், "பேனா இருக்கா?" என்றாள்.

செல்லக்கனி கொடுத்தாள். வசந்தகுமாரி முன்பக்கத்தைத் திறந்து, அங்கே தனியாக நின்ற தன் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். அவசரப்படாமல், ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி அடித்தாள். அடித்த மை உலரும்வரை ஊதினாள். அதன் பிறகுதான் ஏட்டைக் கோட்டாட்சியரிடம் நீட்டினாள்.

"இனி இதுல இருக்கது அவுக எழுதுனது மட்டுந்தான்," என்றாள்.

கோட்டாட்சியர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். நூற்றெண்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றார்.

"இது என்ன சார், லாம்?"

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி தேடிப் பையில் கைவிட்டார், துணி இல்லை. "அது... சுருக்கம் மேடம்," என்றார்.

பெஞ்சில் இருந்த பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை. பதினான்கு வருஷம் குடம் தூக்கிய இடுப்புகள் சிரித்தன. அருமைநாயகம் அவர்களைப் பார்த்து, கூடவே தானும் லேசாகச் சிரித்துவைத்தார்.

பன்னிரண்டு கிணறுகளுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. ஏற்கெனவே போட்ட அறுபது பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். வசந்தகுமாரி அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் நாகர்கோவிலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள், பிறகு திரும்பி வரவில்லை. அருமைநாயகத்துக்குப் பல்கலைக்கழகம் சால்வை போட்டு வழியனுப்பு விழா நடத்தியது. திருட்டே இல்லாத ஆய்வுகளுக்காக அந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கேடயமும் கிடைத்தது, அதை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கேடயத்தின் மேலிருந்த பாராட்டு வாசகம் மட்டும் மூன்றாம் நாள் கீழே இறங்கி, வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டது.

செல்லக்கனிக்கு டாக்டர் பட்டம் இல்லாததால் அடுத்த ஜூனில் கல்லூரி வேலையும் இல்லை. ஒரு டுட்டோரியலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரோடு தேரிக்குள் போகிறாள். நானூற்றுப் பன்னிரண்டு கிணறுகளில் பாதிக்குமேல் தூர்ந்துவிட்டன. மிச்சம் உள்ளவற்றில் ஒவ்வொன்றாக நாடா இறக்குகிறார்கள்.

ஆவணி மாதம் ஒரு காலையில் அவள் நூற்று மூன்றாவது கிணற்றின் சுவரைப் பிடித்துக் குனிந்திருந்தபோது போன் அடித்தது. புவியியல் துறையின் புதிய தலைவர்.

"வணக்கம் மேடம். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கருத்தரங்கு வைக்கிறோம். சாம்பல் இலக்கியத்தைத் தேடுவது எப்படின்னு தலைப்பு. நீங்கதான் சிறப்பு விருந்தினரா வந்து பேசணும்னு துணைவேந்தர் ஆசைப்படுறாரு. பேச்சு எழுதணும்னு இல்ல, சும்மா நாலு வார்த்தை..."

"எந்தக் கிழமை?"

"ஞாயிற்றுக்கிழமை மேடம். லீவு நாளு."

"ஞாயித்துக்கிழம எனக்கு வேலை இருக்கு," என்று அவள் போனை வைத்தாள்.

பக்கத்தில் நாடாவைப் பிடித்திருந்த சந்தனமாரி, "யாரு டீச்சர்?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. எத்தன அடி?"

சந்தனமாரி நாடாவை இழுத்து, ஈரம் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துப் பார்த்தாள். "எழுவத்தி ரெண்டு," என்றாள். பிறகு வாளியில் வந்ததைக் கையில் அள்ளி வாயில் வைத்து, முகத்தைச் சுளித்துத் துப்பினாள். "உப்புன்னே எழுதிக்கோங்க."